கரண்ட் போன நேரத்தில் பிட் மாற்றுகிறவர்களுக்கு

கரண்ட் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? என் கடையை இப்போது எடுத்து நடத்துகிறவர்களிடம் வேலைக்குச் சேர வருகிற எல்லோரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன், கேள்வி கேட்பதிலிருந்து இல்லை. வருகிறவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிட் மாற்றுவேன், மரத்தூளை ஊதி எடுப்பேன் என்பார்கள். நேரத்தை வீணாக்காத சமர்த்துகள் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கோ கோபம் உச்சந்தலைக்கு ஏறும். ஏன் ஏறுகிறது என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாம் கைவைக்கிற சாமானைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் கொச்சியில் இப்போது மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்துகிற இடத்தில், படுக்கையறை மூலையில் என்று மேசை அளவு சி.என்.சி. மிஷின் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மரத்தில் அப்படியே வெட்டிக் கொடுக்கும். வெட்டுகிற பிட்டைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற மோட்டார்தான் ஸ்பிண்டில். பார்க்க ஒரு தண்ணீர் பாட்டில் தடிமன்தான், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும். அதற்கு வேகம் கொடுப்பது சுவரில் மாட்டியிருக்கும் டிரைவ் பெட்டி. எந்த மரத்துக்கு எந்த வேகம், எந்த பிட் என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. பெட்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது, படிக்கச் சோம்பலாக இருந்தால் போனில் இருக்கிறது. நான் பேசப் போவது உங்கள் கையைப் பற்றி.

நான் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். அப்பா கார்ப்பரேஷனில் லாரி ஓட்டினார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தேன். இடக்கொச்சியில் ஐஸ் பிளான்டுகளுக்கும் இறால் கம்பெனிகளுக்கும் பேனல் போர்டு செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் பாதி ஆயுள் போனது. அங்கே ஒரு ஃபோர்மேன் இருந்தார். பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். ஒவ்வொரு பேனலின் கதவை மூடும் முன்பும் மோட்டாரைக் காட்டி ஒரே கேள்வி கேட்பார்: "இது சும்மா நிக்குதா, இல்ல இதால ஓட முடியாதா?" முதல் மாதம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முழித்தேன். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கிளம்பிவிடலாம். ஓட முடியாதபடி வைத்த மோட்டார் நாம் சொல்லாமல் கிளம்பாது. புரிய எனக்கு மாதங்கள் ஆனது, உங்களுக்கு இங்கேயே சொல்லிவிட்டேன்.

பிறகு மட்டாஞ்சேரியில் சொந்தமாகக் கடை போட்டேன். மசாலா கிடங்குகளுக்கு நடுவே, இஞ்சி வாசனையில் ஒரு சின்ன அறை. போர்டு எழுதுகிறவர்கள், கதவு செதுக்குகிறவர்கள், ஆசைக்கு மிஷின் வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். அப்படித்தான் மாஸ்டர் வந்தார்.

அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் தெரு முழுக்க அவர் மாஸ்டர்தான். ஹார்மோனியம் வாசிப்பவர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். கல்யாண வீடா, மெஹ்ஃபில் என்கிற பாட்டுச் சபையா, பாடுகிறவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருப்பார். வாசிப்பதோடு பெட்டி ரிப்பேரும் செய்வார். அந்த வேலைக்கென்றுதான் மிஷின் வாங்கினார், பிறகு முழு ஹார்மோனியத்தையே சொந்தமாகச் செய்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. மனைவி ரசியா கம்ப்யூட்டரில் படம் வரைவார், மாஸ்டர் மரம் பார்ப்பார். சபையின் மூத்தவர்களுக்கு இது கேலியாகப் போயிற்று. கம்ப்யூட்டர் வெட்டின பெட்டியில் சுருதி நிற்குமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வருகிற மெஹ்ஃபிலில் இந்தப் பெட்டியைத்தான் வாசிப்பேன் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மெஹ்ஃபிலுக்கு மூன்று நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். ஸ்பிண்டில் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். போனேன். அது ஒரு லூஸ் வயர், முறுக்கிவிட்டு முடித்தேன். மிஷின் ஓடத் தொடங்கியது. ரீட் போர்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஹார்மோனியத்துக்குள் பித்தளை நாக்குகள் உட்காருகிற பலகை அது. வரிசையாகக் குறுகலான துளைகள் இருக்கும், ஒரு துளை கெட்டால் பலகையே அடுப்புக்குத்தான். ரசியா சாயா கொண்டுவந்து வைத்தார். நான் டம்ளரைக் கையில் எடுத்தேன், ஸ்பிண்டிலின் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. கரண்ட் போய்விட்டது.

ரசியா ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் ஒரு விசையை அழுத்தி வேலையை நிறுத்திவைத்தார். விளக்கும் ஃபேனும் போகவில்லை. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் வருவதும் போவதும் விருந்தாளி மாதிரி என்பதால் அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கம்ப்யூட்டரும் மிஷினை நகர்த்துகிற சின்ன மோட்டார்களும் கூட அதில்தான் ஓடின. ஸ்பிண்டில் மட்டும் தாங்காது என்று நேரே லைனில் கொடுத்திருந்தார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள். அந்த அறையில் விளக்கு அணையாது. அதனால் கரண்ட் திரும்பி வந்தாலும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? சாவகாசமாக ஸ்பேனரை எடுத்தார். இடது கையால் ஸ்பிண்டிலின் நட்டைப் பிடித்தார். பிட்டைக் கழற்றத் தொடங்கினார். வாயில் ஒரு ராகம் வேறு.

கம்ப்யூட்டர் திரையைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்பிண்டில் ஓட வேண்டும் என்கிற ஆணை அதில் அப்படியே இருந்தது. ரசியா நிறுத்தியது மிஷினின் நகர்வை மட்டும்தான், ஸ்பிண்டிலை இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை எடுங்கள் மாஸ்டர் என்றேன். சிரித்தார். நான் இன்னொரு முறை சொன்னேன், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டார்.

"கரண்ட் போனா இது வெறும் மரக்கட்டை, செல்வி. எதுக்குப் பேடிக்கணும், என்ன பயம்?" என்றார்.

கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்குப் பெருமையாக ஒரு பதில் சொன்னார். முன்பெல்லாம் கரண்ட் வந்த பிறகு டிரைவ் பெட்டி முரண்டு பிடித்துக்கொண்டு நிற்குமாம், ஒவ்வொரு முறையும் போய் எழுப்ப வேண்டுமாம். போனில் வீடியோ பார்த்து, கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்புகிற மாதிரி அவரே செட்டிங்கை மாற்றிவிட்டாராம். எவ்வளவு நேரம் மிச்சம் என்று என்னையே கேட்டார். போதாததற்கு, கரண்ட் இல்லாத நேரம்தான் பிட் மாற்றப் பத்திரமான நேரம் என்று அவர் முழுசாக நம்பியிருந்தார். ஊரே அப்படித்தான் நம்புகிறது. நீங்களும் நம்பினவர்கள்தான்.

இந்த இடத்தில் என்ன செய்வது என்பதுதான் விஷயம். புத்திமதி சொல்லலாம். பெருமையில் இருக்கிற ஆளிடம் புத்திமதி ஏறாது, அதுவும் மெஹ்ஃபில் மூன்று நாளில் இருக்கும்போது. நான் ரசியாவிடம் ஒரு பழைய துணி கேட்டேன். நீளமாக ஒரு துண்டு கிழித்து ஸ்பிண்டில் நட்டில் தளர்வாக முடிந்தேன். ஸ்பேனரை எடுத்துத் தூர வைத்தேன். எல்லோரையும் அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். நடையில் மெயின் சுவிட்ச் இருந்தது, அதன்மேல் ஒரு கை வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள், நான் செய்தேன் என்பதைச் சாக்காகவும் சொல்லாதீர்கள்.

பேய் விரட்டுகிறீர்களா என்று மாஸ்டர் கேட்டார். பத்து விரலும் வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கரண்ட் வந்தது.

விசில் மாதிரி ஒரு சத்தம். துணியை நாங்கள் பார்க்கவே இல்லை, ஒரு வெள்ளை வளையம்தான் தெரிந்தது. அதன் நுனி சுழன்று வந்து, மேசை மேலிருந்த பென்சில் டப்பாவை அறையின் அந்தக் கோடிக்கு அடித்தது. மெயினை அணைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் துணி நட்டோடு நட்டாக இறுகிக் கிடந்தது, கத்தி வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் துணி இருந்த இடத்தில்தான் கொஞ்சம் முன்பு மாஸ்டரின் இடது கை இருந்தது. ரசியா அறுத்த துணியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார்.

மோட்டார் தானாகக் கிளம்பாதபடி வயரில் ஒரு தடை வைக்க வேண்டும், எங்கள் தொழிலில் அதற்குப் பூட்டு என்று பேர் என்றேன். மாஸ்டர் பயந்தார், ஆனால் மெஹ்ஃபிலுக்கு அதைவிட அதிகமாகப் பயந்தார். சரி, இனிமேல் கவனமாக இருக்கிறேன், பூட்டு கீட்டு எல்லாம் நிகழ்ச்சி முடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்றார். இப்போது வேலையை நிறுத்தினால் பெட்டி முடியாது, பெட்டி முடியாவிட்டால் சபையில் தலை காட்ட முடியாது. அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் பிள்ளைகளே, "இது மட்டும் முடியட்டும்" என்று ஒருவர் சொல்கிற நேரம்தான் நீங்கள் சண்டை போட வேண்டிய நேரம். அவசரமே இல்லாத நாளில் யாரும் கையை விடுவதில்லை.

நான் சண்டை போடவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். அது பழைய வீடு, ஸ்பிண்டில் லைனுக்குப் பீங்கான் கிட்காட் பியூஸ்தான். அதை உருவி எடுத்து ரசியாவின் கையில் கொடுத்தேன். நான் எர்ணாகுளம் போய்ச் சாமான் வாங்கி வரும்வரை இது உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்றேன். அந்த வீட்டில் யாரை நம்பலாம் என்று எனக்கு அந்தக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

ரசியா பியூஸை வாங்கிக்கொண்டு கணவரைப் பார்த்தார். "இக்கா, பெட்டி இல்லேன்னா சபையில நாலு பேரு சிரிப்பாங்க. விரல் இல்லேன்னா நான் என்ன செய்வேன்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டர் விறுவிறுவென்று வெளியே போய் நின்றுகொண்டார்.

பஸ் தோப்பும்படியைத் தாண்டும் முன்பே போன் வந்தது. கோபம் திரும்பிவிட்டது போல. வேறு வயர்மேனைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கப் போகிறேன் என்றார். தாராளமாகக் கூப்பிடுங்கள், பியூஸ் எங்கே என்று அவர் கண்டுபிடிக்கட்டும் என்றேன். வெலிங்டன் தீவுக்குள் பஸ் மழையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மறுபடி வந்தது. நான் எடுக்கவில்லை. பிறகுதான் ரசியா சொன்னார், அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாராம். மாஸ்டர் அலமாரி, தலையணை உறை, ஹார்மோனியப் பெட்டிக்குள் எல்லாம் தேடியிருக்கிறார். அடுக்களைப் பக்கம் மட்டும் போகவில்லை. ஆம்பிளை புத்தி.

பஸ்ஸில் உட்கார்ந்து நான் யோசித்தது வேறொன்று. பூட்டு மாட்டுவது பெரிய காரியமில்லை, எந்த எலக்ட்ரீஷியனும் மாட்டுவான். ஆனால் அந்தப் பூட்டு மாஸ்டரின் வேலையைக் கெடுத்தால் ஒரு வாரத்தில் அதைப் பிடுங்கிவிடுவார். நான் மாட்டின எத்தனையோ பூட்டுகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். சின்ன வயர் ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டு, குழப்பமில்ல சேச்சி, நல்லா ஓடுது என்பார்கள். ஆகவே பூட்டு அவருக்கு லாபமாக இருக்க வேண்டும். அவருடைய உண்மையான தொல்லை என்ன? கரண்ட் போகும்போது ஸ்பிண்டில் நின்றுவிடும், மிஷின் மட்டும் இன்வெர்ட்டரில் நகர்ந்துகொண்டே இருக்கும், சுற்றாத பிட்டை மரத்துக்குள் இழுக்கும். ரசியா ஒரு நொடி அசந்தால் பிட் உடையும், பலகை போகும். அதனால் அந்தப் பெண் நாள் முழுக்க விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு காவல் இருந்தார். சமையல் கூட அவருடைய தங்கைதான் வந்து செய்துகொண்டிருந்தாள். இந்தத் தொல்லைக்கும் சேர்த்து ஒரே வழி வேண்டும் என்று தேடினேன், பாலம் தாண்டும்போது கிடைத்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும்.

சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பினேன். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். ரசியா ஒரு துண்டைக் கொடுத்தார், பியூஸை இன்னும் கொடுக்கவில்லை. கெட்டிக்காரி.

நான் செய்தது இதுதான். ஸ்பிண்டில் ஓடு என்கிற ஆணையை ஒரு ரிலே வழியாக, அதாவது கரண்ட் பிடித்துவைத்திருக்கிற ஒரு சின்ன சுவிட்ச் வழியாக விட்டேன். அந்த ரிலேவைப் பிடித்துவைத்திருப்பது நேர் லைன் கரண்ட். கரண்ட் போனால் ரிலே விழுந்துவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் விழுந்தது விழுந்ததுதான். யாராவது பச்சை பட்டனை அழுத்தினால்தான் எழும். ஓங்கி அடிக்கிற சிவப்பு பட்டனும் அதே வழியில் வைத்தேன். அதை அடித்தால் மிஷின் நகர்வு மட்டுமல்ல, ஸ்பிண்டிலும் நிற்கும். முக்கியமான இன்னொரு வேலை, அந்த ரிலே விழுகிற அதே கணத்தில் மிஷினுக்கும் ஒரு சைகை போகும். மிஷின் தானாகவே அந்த இடத்தில் நின்று காத்திருக்கும். ஸ்பிண்டில் மறுபடி வேகம் பிடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காவல் வேண்டாம். பிட் உடையாது. மாஸ்டர் மாற்றின செட்டிங்கையும் பழையபடி திருப்பினேன். கடைசியாக, டிரைவ் பெட்டிக்கு முன்னால் ஒரு திருப்பு சுவிட்ச் வைத்து, பிட்டைத் தொடும் முன்பு இதை அணைத்துத்தான் ஆக வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். தலையாட்டுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ரசியா அரிசி ஒட்டியிருந்த பியூஸைக் கொண்டுவந்தார். மிஷினை ஓடவிட்டேன். பிறகு மாஸ்டரை நடைக்குக் கூட்டிப்போய், மெயினை நீங்களே அணையுங்கள் என்றேன். அணைத்தார். ஸ்பிண்டில் இறங்கி நின்றது, மிஷினும் அந்த இடத்திலேயே நின்றது. போடுங்கள் என்றேன். போட்டார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். நான் சொல்லாமலேயே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து பச்சை பட்டனை அழுத்தினார். ஸ்பிண்டில் எழுந்து பாடியது. பலகையில் விட்ட இடத்திலிருந்து மயிரிழை பிசகாமல் வெட்டு தொடர்ந்தது. மாஸ்டர் குனிந்து அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ரசியாவை நிமிர்ந்து பார்த்தார். துணி சுற்றியதற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாளும் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். புதுப் பூட்டைப் பிடுங்கினால் என்ன என்று முதல் நாளில்தான் தோன்றும், அதனால் முதல் நாள் நான் எப்போதும் கூட இருப்பேன். மழை கொட்டித் தீர்த்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் மிஷின் தானாக நின்றது, பச்சை பட்டன், தொடர்ந்தது. ஒரு பிட்டும் உடையவில்லை. ரசியா கம்ப்யூட்டரை விட்டு எழுந்துபோய் அரிசி மாவில் பத்திரி சுட்டார், நான் தின்றேன். மதியத்துக்குள் முந்தின நாள் விட்ட நேரத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, இது எங்க செல்வி வச்ச பூட்டு என்று காட்டிக்கொண்டிருந்தார். பியூஸைத் தேடின கதையை மட்டும் சொல்லவில்லை.

கடைசித் துளைகளுக்கு மெல்லிய பிட் வேண்டும். மாற்றுகிற நேரம் நெருங்கும்போது கரண்ட் போனது. நான் சாயா டம்ளரோடு வாசல் நிலையில் நின்றிருந்தேன். மாஸ்டர் முனகிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். இடது கை நட்டுக்குப் போனது. திருப்பு சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

முந்தின நாள் துணி சுற்றியதைக் கண்ணால் பார்த்த மனிதர். மனைவி சொன்னதைக் கேட்ட மனிதர். என்னிடம் தலையாட்டின மனிதர். கரண்ட் போனதும் கை தானாக ஸ்பேனருக்குப் போய்விட்டது. அவர் முட்டாள் இல்லை, இந்த ஊரில் மழைக்காலத்தில் வேலை செய்கிற எல்லோருடைய கையும் அப்படிப் பழகிவிட்டது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம். திட்ட வாயைத் திறந்தேன். அதே நொடியில் சுவரில் டிரைவ் பெட்டியின் சிவப்பு எண்கள் பளிச்சென்று எரிந்தன.

கரண்ட் வந்துவிட்டது. விளக்கு முன்பும் எரிந்தது, இப்போதும் எரிந்தது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றியது. மாஸ்டருக்குத் தெரிய வழியே இல்லை. ஐந்து விரலும் நட்டைச் சுற்றி இருந்தன, மறு கையில் ஸ்பேனர். என் கையில் சாயா கொட்டியது, சூடு பிறகுதான் உறைத்தது. நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதறிக் கையை எங்கே கொண்டுபோயிருப்பாரோ தெரியாது. ரிலேவை நான் சோதித்திருந்தேன், அவரும் சோதித்திருந்தார். அந்த நேரத்தில் அதை நம்புவதுதான் வேலை. நம்பினேன்.

ஸ்பிண்டில் அசையவில்லை. மாஸ்டர் நிதானமாகப் பழைய பிட்டைக் கழற்றினார், புதியதைப் போட்டார், முறுக்கினார், நுனியை ஊதினார். கையை எடுத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "கரண்ட் இன்னும் வரலையா, செல்வி?" என்றார்.

"வந்து நேரமாச்சு மாஸ்டர்," என்றேன்.

அவர் திரும்பி டிரைவ் பெட்டியைப் பார்த்தார். எரிகிற எண்களைப் பார்த்தார். போட்டபடி இருந்த திருப்பு சுவிட்சைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ரசியா அடுக்களையிலிருந்து வந்து என்ன என்று கேட்டார். எரிகிற எண்களையும் விரித்த கைகளையும் பார்த்ததும் அவராகவே புரிந்துகொண்டார். மாஸ்டரின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, எதற்கு மறைக்க வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ மோட்டாரை ஓடவைத்திருக்கிறேன். ஒரு மோட்டார் ஓடாமல் இருந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் கையை விடுவித்துக்கொண்டார். திருப்பு சுவிட்சை அணைத்தார். முறுக்கு சரியாக இருக்கிறதா என்று மறுபடி பிட்டைத் தொட்டுப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். அப்புறம் பச்சை பட்டன். அன்றைக்கே ரீட் போர்டு முடிந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். கவனமாக இரு என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கவனமாக இருக்கிறவனும் மறப்பான், அவசரத்தில் இருக்கிறவன் கட்டாயம் மறப்பான். மனுஷனைத் திருத்த ஒரு ஆயுள் வேண்டும், வயரைத் திருத்த ஒரு சாயங்காலம் போதும். முதலில் வயரைத் திருத்துங்கள். அதையும் அவனுடைய வேலைக்குத் துணையாக இருக்கிற மாதிரி திருத்துங்கள், இல்லாவிட்டால் பிடுங்கி எறிவான். பிட்டைத் தொடும் முன்பு சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள், அணைக்க மாட்டான் என்று வைத்துக்கொண்டு பேனலைச் செய்யுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டால், சுவிட்சை அணைத்துவிட்டு சாயா குடிப்பேன் என்று சொல்லுங்கள், அன்றைக்கே வேலை உங்களுக்கு.

மெஹ்ஃபிலுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பஜார் ரோட்டில் ஒரு பழைய வீட்டின் மாடி. மூத்தவர்கள் முன் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் புதுப் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் பெட்டியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினார். சுருதி நின்றது. நின்றது என்றால், மாடியிலிருந்த பேச்சுச் சத்தமெல்லாம் அடங்குகிற அளவுக்கு நின்றது. முன் வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடகர் பாட்டை எடுத்தார், மாஸ்டர் பின்னாலேயே போனார், ஒரு இடத்தில் பாடகர் நிறுத்திவிட்டு அவரை மட்டும் வாசிக்கவிட்டார். வாஹ் வாஹ் என்று சத்தம் கூரையைத் தொட்டது. கேலி செய்தவர்களில் மூத்தவர் எழுந்துவந்து மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டு, இதே மாதிரி தனக்கும் ஒன்று செய்துதர வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். ரசியா என் கையை நசுக்கிவிட்டார்.

என்ன பாட்டு என்று மறுநாள் கடையில் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கட்டைகளின் மேல் ஐந்து விரல் ஓடிக்கொண்டிருந்தது, துருத்தியில் ஐந்து விரல் போய் வந்துகொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.